லடாக் பேக்கேஜில் போன 64,300 ரூபாய்: ஏஜென்சியில் டிக்கெட் போடுபவர்கள் படிக்கவும்

கை இன்னும் நடுங்குகிறது, அவ்வளவு கோபம். இந்த மாதிரி ஆட்களிடம் எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

ஆன்லைனில் டூர் பேக்கேஜ் விற்கும் ஏஜென்சி. பெயர் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் வேறு வந்து தொலைக்கும். சென்னையிலிருந்து டெல்லி வழியாக லடாக்கின் லே ஊருக்கு. அப்பா, அம்மா, நான், என் வீட்டுக்காரர்.

லே விமான நிலையம் 3,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு என்பதால் வெயில் ஏறினால் விமானம் எழும்பத் திணறும். மதியத்துக்கு மேல் பலத்த காற்று வேறு. அதனால் பெரும்பாலும் காலையிலேயே விமானங்களை முடித்துவிடுவார்கள், காலையில் ரத்தானால் அன்றைக்கு அவ்வளவுதான். 2024 ஜூலைக் கடைசியில் வெயிலாலேயே அங்கே விமானங்கள் ரத்தாயின. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் ஏஜென்சியில் எங்களிடம் பேசிய பையனிடம், "தம்பி, ரத்தானா பணம் என்னாகும்?" என்று கேட்டேன்.

"அக்கா, ஒரு பைசா போகாது. ரீஃபண்டோ வேற தேதியோ, நீங்க சொல்றதுதான். நம்ம ஊர்க்காரங்களை அலைய விடுவோமா?"

சொன்னதோடு நிற்கவில்லை. அம்மாவுக்கு பிரஷர் உண்டா என்று அவனாகவே விசாரித்தான். உயரம் பழகட்டும் என்று முதல் ரெண்டு நாளும் லேயில் ஓய்வு என பிளானை மாற்றி, வாட்ஸ்அப்பில் குரல் பதிவும் அனுப்பினான். வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். "எவ்வளவு பொறுப்பான பையன்" என்று அப்பா சொன்னார். அன்று மாலையே முழுப் பணத்தையும் அனுப்பினோம்.

டெல்லியில் விடியற்காலையில் போய் நின்றால் லே விமானம் ரத்து, வானிலை. எங்களுக்கு ஒரு மெசேஜ்கூட வரவில்லை. கவுண்டரில் கேட்டபோதுதான் தெரிந்தது, டிக்கெட்டில் இருந்த போன் நம்பரும் மெயிலும் ஏஜென்சியுடையவை! மெசேஜ் அவர்களுக்குப் போயிருக்கிறது, அவர்கள் வாயே திறக்கவில்லை. "ரீஃபண்ட் உங்கள் ஏஜென்ட் வழியாகத்தான் போகும்" என்று கவுண்டரில் கைவிரித்துவிட்டார்கள்.

தம்பியைப் பிடித்தால், ஸ்ரீநகர் போய் அங்கிருந்து ரோட்டில் போகலாம் என்றான். அதற்கு மாற்றக் கட்டணம் 8,000. சரி என்று கட்டினோம். வழியில் சோனமார்க் வரை போனால், அடுத்துள்ள ஜோஜிலா கணவாயில் மண்சரிவு, பாதை மூடல். எப்போது திறக்கும் என்று போலீசுக்கே தெரியவில்லை. வண்டியில் உட்கார்ந்தே மறுபடியும் பிளானை மாற்றினோம். லடாக் வேண்டாம், ஸ்ரீநகரிலேயே தங்கிவிட்டுத் திரும்பலாம். "லே ஹோட்டலை கேன்சல் பண்ணிட்டேன்க்கா, பணம் வந்துடும்" என்றான். அதுதான் அவன் கடைசியாக எடுத்த போன்.

ஊருக்கு வந்த பிறகு ஆரம்பித்தது கூத்து. ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், ஆனால் ஒரே பாட்டு. புகார் பதிவாகியிருக்கிறது, 72 மணி நேரத்தில் அழைப்பார்கள். அந்த 72 மணி நேரம் முடிந்தால் "மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார்". சாட்டில் எழுதினால் "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று தானாகவே மூடிக்கொள்கிறது. லே ஹோட்டலுக்கு நீங்கள்தான் வரவில்லை, அதனால் 17,500 கிடையாதாம். டிக்கெட் பணம் 38,800 விமான நிறுவனத்திடமிருந்து இன்னும் வரவில்லையாம்.

விமான நிறுவனத்துக்கு நேரடியாக மெயில் போட்டேன். ரத்தான அதே வாரம் முழுத் தொகையும் ஏஜென்சி கணக்குக்குப் போய்விட்டது என்று பதில் வந்தது. அதை ஏஜென்சிக்கு அனுப்பியதும் பேச்சு மாறிவிட்டது. இயற்கைச் சீற்றமாம், வேண்டுமானால் ஒரு வருடத்துக்கு வவுச்சர் தருவார்களாம். என் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு எனக்கே கூப்பன்! மாற்றக் கட்டணம் 8,000-ஐயும் சேர்த்து மொத்தம் 64,300 ரூபாய். அப்பாவின் பென்ஷன் பணமும் அதில் இருக்கிறது.

வானிலையால் ரத்தானால் நஷ்டஈடு கிடையாதுதான். டிக்கெட் பணம் வேறு, அது திரும்பி வந்தாக வேண்டும். ரீஃபண்டா, கிரெடிட் ஷெல்லா (அடுத்த டிக்கெட்டுக்காக விமான நிறுவனமே பணத்தை வைத்துக்கொள்வது) என்பது பயணியின் விருப்பம் என்று விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏவின் விதியே இருக்கிறது. ஏஜென்ட் மூலம் வாங்கினாலும் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்குத்தான். ஆளுக்கு ஆள் கைகாட்டினால் இதைச் சொல்லிச் சண்டை போடுங்கள்.

அப்புறம், டிக்கெட்டில் உங்கள் நம்பரும் மெயிலும் இருக்கிறதா என்று பிஎன்ஆர் வாங்கி விமான நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள். போனில் சொல்வதை மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் உடனே வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேளுங்கள், நாங்கள் அனுப்பியது யுபிஐயில். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், இப்போது ஓடவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், விமானப் பயணிகள் புகார் செய்யும் அரசுத் தளமான ஏர்சேவாவிலும் போட்டிருக்கிறேன். இதே மாதிரி மாட்டி, பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எப்படி வாங்கினீர்கள் என்று எழுதுங்கள், அவசரம்.