ஒரு ஜோடி ஷின் கார்டுக்காக

"ஷின் கார்டு இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் கிரிக்கெட் பேடை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது இல்லீங்க. கிக் பாக்ஸிங்குக்குக் கட்டுறது. முழங்காலுக்குக் கீழே ஆரம்பிச்சு பாதத்தோட மேல்பக்கம் வரைக்கும் மூடும்."

தலையாட்டிவிட்டு உள்ளே போனவர் ஹாக்கி கோல்கீப்பர் கட்டுகிற பெரிய பேடைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். அதைக் கட்டிக்கொண்டு நான் ஒரு உதை விட்டால் எதிரில் நிற்பவர் நேராக ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரிதான். மூன்றாவதாக வந்தது, கால்பந்து ஆடும் பிள்ளைகள் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளும் பிளாஸ்டிக் தகடு. என் முகத்தைப் பார்த்து அவருக்கே கோபம் வந்துவிட்டது. "எல்லாமே கால்ல கட்டுறதுதானே சார்?"

இடம் சென்னைப் பெரியமேடு. நேரு ஸ்டேடியம் பக்கத்தில். பள்ளிக்கூட நாளில் கேரம் ஸ்ட்ரைக்கர் தொலைந்தால்கூட அப்பா இங்கேதான் கூட்டி வருவார், திரும்பும்போது சென்ட்ரல் எதிரில் ஒரு ரோஸ்மில்க். அன்று ஆறு கடை ஏறி இறங்கினேன். மீரட், ஜலந்தர் சரக்கு கூரைவரை அடுக்கியிருக்கிறது. குத்துச்சண்டை கிளவுஸ் கிடைக்கிறது, மவுத் கார்டு கிடைக்கிறது, கராத்தே உடுப்பு மூன்று விலையில் கிடைக்கிறது. நான் கேட்டது மட்டும் இல்லை. இதில் வேடிக்கை, பெரியமேடு தோல் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோலெல்லாம் கைமாறும் தெருக்கள். தோல் வாசனை மூக்கைத் துளைக்கிறது, காலில் கட்ட ஒரு முழத் தோல் இல்லை.

ஏன் இங்கிலாந்திலிருந்தே கொண்டு வரவில்லை என்று கேட்பீர்கள். கொண்டுவரத்தான் எடுத்து வைத்தேன். 23 கிலோவில் ஒன்றரை கிலோ அதிகம் என்று தராசு காட்டியதும் மனைவி அதை வெளியே எடுத்துவிட்டு என் அக்காவுக்கு வாங்கிய ஏர் ஃபிரையரின் கூடையை உள்ளே திணித்தாள்.

நான் இருப்பது லெஸ்டர். 42 வயது. இரண்டு வருடமாக எம்எம்ஏ (குத்து, உதை, தரைப்பிடி எல்லாம் கலந்த சண்டை) பழகுகிறேன், சாம்பியன் ஆவதற்கில்லை, ரத்த அழுத்த மாத்திரையைத் தள்ளிப்போடுவதற்கு. அங்கே என்னைப் போன்ற ஆட்களுக்கென்றே 'இன்டர்கிளப்' என்று ஒன்று நடக்கும். அக்கம்பக்கத்து ஜிம்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு இடத்தில் கூடும். வயது, எடை, அப்புறம் முக்கியமாக 'இதுவரை எத்தனை முறை இறங்கியிருக்கிறாய்' என்று கேட்டு ஜோடி சேர்ப்பார்கள். பெரிய கிளவுஸ், தலைக்கவசம், ஷின் கார்டு. ஒன்றரை நிமிடமோ இரண்டு நிமிடமோ ஒரு சுற்று. அடி கொஞ்சம் கனத்தால் நடுவர் நிறுத்திவிடுவார். கடைசியில் ஜெயித்தவர், தோற்றவர் கிடையாது. இருவர் கையையும் தூக்கிப் பிடித்து இருவருக்கும் மெடல் மாட்டி, தேநீர் குடிக்க அனுப்பிவிடுவார்கள். மார்ச்சில் எனக்கு ஒன்று இருந்தது. பொங்கலுக்கு மூன்று வாரம் ஊருக்குப் போனால் உடம்பு மறந்துவிடுமே என்று இங்கே ஒரு ஜிம் தேடினேன். அக்கா பையனுக்கும் 14 வயதில் இதே பைத்தியம்.

நான்கு இடங்களுக்கு போன் செய்தேன். ஸ்பாரிங், அதாவது ஜோடியாக நின்று மோதிப் பழகுவது பற்றி நான்கிலும் நான் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்பாரிங்ல தலைக்கு அடி உண்டா? எவ்வளவு வேகம்?" நான்கிலும் ஒரே பதில்: "வாங்க சார், பாத்துக்கலாம்."

சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று அண்ணா நகர்ப் பக்கம் ஒரு ஜிம்முக்குப் போனேன். பாய்விரிப்பு சுத்தமாக இருந்தது, மாஸ்டர் விஷயம் தெரிந்தவர், தரைப்பிடியில் அவர் காட்டிய ஒரு நுணுக்கத்தை லெஸ்டரில் இரண்டு வருடமாக யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இதையெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தோடு முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் சனிக்கிழமை ஸ்பாரிங் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

பதினான்கு பேர். ஷின் கார்டு இரண்டு ஜோடி. அதில் ஒன்றுக்கு வெல்க்ரோ செத்துப்போய் கிரேப் பேண்டேஜால் சுற்றிக் கட்டியிருந்தது. ஒருவர் சுற்று முடித்துக் கழற்ற, அடுத்தவர் அப்படியே சொதசொதவென்று மாட்டிக்கொள்கிறார். படர்தாமரை எப்படிப் பரவுகிறது என்று பள்ளிக்கூடத்தில் பாடமே நடத்தலாம். என் முறை வந்தபோது ஒரு ஜோடியில் இடதுகால் கார்டைக் காணவில்லை. "வலதுக்கு மட்டும் கட்டிக்கங்கண்ணா, லைட்டாத்தானே போடப்போறோம்" என்றான் எதிரில் நின்ற பையன். 21 வயது இருக்கும். வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவன்.

இந்த 'லைட்' என்ற சொல்லைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை. லெஸ்டரில் கோச் "முப்பது சதவீதம்" என்பார். அதைச் சத்தத்தை வைத்தே அளப்பார். பட் என்று கேட்டால் பேசமாட்டார், டமார் என்று கேட்டால் அறையின் அந்த மூலையிலிருந்து பெயர் சொல்லிக் கத்துவார். இங்கே லைட் என்பது டீக்கடையில் 'லைட்டா சர்க்கரை' என்று சொல்வது மாதிரி. போடுகிறவர் மனசைப் பொறுத்தது. மாஸ்டரும் "லைட்டா போடுங்கப்பா" என்று சொன்னார். சொல்லிவிட்டு ரீல்ஸ் எடுக்கப் போய்விட்டார்.

இரண்டாவது நிமிடம் அவன் ஒரு தாழ்ந்த உதை விட்டான். என் கார்டு இல்லாத இடதுகாலைத் தூக்கித் தடுத்தேன், பழக்கதோஷம். எலும்பும் எலும்பும். அந்தச் சத்தம் எனக்குக் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது.

"ஸாரிண்ணா. லைட்டாத்தான்ணா போட்டேன்."

உண்மையாகவே லைட்டாகத்தான் போட்டிருந்தான், அதுதான் கொடுமை. கார்டு இருந்திருந்தால் அது ஒரு தட்டு. பாவம், அவனே ஓடிப்போய் வாசல் கரும்புச்சாறு வண்டியிலிருந்து பாலிதீன் பையில் ஐஸ் வாங்கிவந்து, என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஒத்தடம் கொடுத்தான். லெஸ்டரில் ஐஸ் பேக் முதலுதவிப் பெட்டியில் இருக்கும், விபத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். மடியில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டில் அம்மா வீக்கத்தைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்துல கராத்தே கிளாஸ் போனியே, ஒரு நாளாவது இப்படி வந்தியா?" என்றாள். எப்படி வருவேன்? மொட்டைமாடியில் வரிசையாக நின்று காற்றைக் குத்தினோம். பெல்ட் பரீட்சைக்கு ஃபீஸ் கட்டினோம். ஆண்டுவிழாவில் ஓடு உடைத்தோம். மூன்று வருடத்தில் எதிரில் ஒரு ஆள் நின்றதே இல்லை. அதற்கு முன்பே வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைக் குழுவினர் பரம்பரை பரம்பரையாக நிஜமாகவே மூக்கை உடைத்துக்கொண்டிருந்தார்கள். காற்றைக் குத்துவதற்கும் மூக்கை உடைப்பதற்கும் நடுவில் ஒரு படி அன்றும் இல்லை. "இனிமே ஹெல்மெட் போட்டுட்டுப் போடா" என்றாள். அடி காலில். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைத் தடுக்குமே தவிர உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது, 2013இல் சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டையில் பெரிய ஆண்களுக்கு அதைக் கழற்றியேவிட்டார்கள் என்று சொல்லலாம்தான். அம்மாவிடம் யார் சொல்வது?

ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். நான்கு நாள் என்றது ஒன்பது நாளானது. பெட்டியைத் திறந்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கான சைஸ். அக்கா பையனுக்கோ அடுத்த ஞாயிறு கிக் பாக்ஸிங் போட்டி, ஷின் கார்டு இல்லாவிட்டால் இறக்க மாட்டார்கள். அப்போதுதான் அத்திம்பேர், கார் சீட் தைப்பவரிடம் கேட்டுப் பாரேன் என்றார். கேலியாகத்தான் சொன்னார்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு தெரியுமே, கார் உதிரிபாகக் கடைத்தெரு. அங்கே ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மிஷினோடு உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி நெடுநேரம் பார்த்தார்.

"இது எந்த வண்டிக்கு தம்பி?"

"வண்டிக்கு இல்ல பாய். காலுக்கு."

அவர் சிரிக்கவில்லை. டேப்பை எடுத்து என் காலையும் பையன் காலையும் மூன்று இடத்தில் அளந்தார். வீங்கின இடத்தை விரலால் அழுத்திப் பார்த்து, "இங்கதான் படுமா?" என்று கேட்டு சாக்பீஸால் குறித்துக்கொண்டார். "சீட் மாதிரிதான். உள்ள கெட்டி, மேல மெத்து. வெறும் மெத்து போட்டா ரெண்டு மாசத்துல அமுங்கிடும். வெறும் கெட்டி போட்டா குத்தும்." லெஸ்டரில் முப்பது பவுண்டு கொடுத்து வாங்கிய என் கார்டு ஏன் ஆறே மாதத்தில் அப்பளமானது என்பது அந்த நிமிடம்தான் புரிந்தது. விலை ஜோடிக்கு 900 ரூபாய். "எப்ப பாய் கிடைக்கும்?" "நாளைக்கு வாங்க."

மறுநாள் போனேன், "நாளைக்கு வாங்க." அதற்கு மறுநாள் கடை பூட்டியிருந்தது. நான்காம் நாள் போனால் தைத்து வைத்திருந்தார், வெல்க்ரோ மட்டும் வரவில்லை. இங்கிலாந்தில் 'நாளை' என்றால் நாளை, 'முடியாது' என்றால் முடியாது. நம் ஊரில் 'நாளைக்கு வாங்க' என்பது வணக்கம் மாதிரி ஒரு மரியாதைச் சொல் என்பதை இருபது வருடத்தில் மறந்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வந்தது. மெரூன் ரெக்ஸின், மஞ்சள் நூலில் டபுள் தையல். ஷேர் ஆட்டோ சீட் போலவே இருந்தது. காலில் கட்டிச் சுவரில் உதைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

போட்டி ஒரு பள்ளிக்கூட ஹாலில். எட்டு மணிக்கு வரச்சொன்னார்கள். சிறப்பு விருந்தினர் 11.40க்கு வந்தார். அதுவரை இருநூறு பிள்ளைகள் கிளவுஸ் மாட்டிக்கொண்டு குத்துவிளக்குக்காகக் காத்திருந்தார்கள். விளக்கேற்றப் போனால் தீப்பெட்டி இல்லை. பொன்னாடை மட்டும் பத்து இருந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எம்எம்ஏ என்ற பலகையைத் தேடித்தான் நான் அலைந்தேன். நான் கேட்ட 'மெல்லிய அடி' கிக் பாக்ஸிங்காரர்களிடம் விதியாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கிக் பாக்ஸிங்கின் உலக அமைப்பான வாக்கோவின் முறையில் ரிங்கில் ஆடுவது வேறு, பாய்விரிப்பில் ஆடுவது வேறு. பாய்விரிப்பில் மூன்று வகை. 'பாயின்ட் ஃபைட்டிங்'கில் ஒரு அடி சுத்தமாகப் பட்டதும் நடுவர் நிறுத்திப் புள்ளி கொடுப்பார். 'லைட் கான்டாக்ட்' நிறுத்தாமல் ஓடும். 'கிக் லைட்'டில் தொடையிலும் உதைக்கலாம். மூன்றிலும் வேகமாக அடிக்கலாம், பலமாக அடிக்கக்கூடாது. பலம் கூடினால் எச்சரிக்கை, பிறகு புள்ளி போகும், அப்புறம் வெளியே. அமெச்சூர் எம்எம்ஏவிலும் ஷின் கார்டு கட்டாயம், முழங்கை அடி கிடையாதுதான். ஆனாலும் அது முழு அடி, புதியவர் முதலில் கால் வைக்கும் படி அல்ல. அடியே வேண்டாம் என்பவருக்கு, பிடி மட்டுமே போடும் ஜியு-ஜிட்ஸு இருக்கிறது. புதியவரின் வெள்ளை பெல்ட்டுக்கு ஐந்து நிமிடப் போட்டி, குதிகாலை முறுக்கும் பிடிகள் தடை, வலித்தால் இரண்டு தட்டு, எதிராளி விட்டுவிடுவார். அந்த ஹாலிலேயே இன்னொரு மூலையில் சிலம்பப் பிள்ளைகள் பழகிக்கொண்டிருந்தார்கள். குச்சி முனையில் சாம்பலோ சாயமோ தோய்த்து, யார் உடம்பில் எத்தனை பொட்டு என்று எண்ணித் தீர்ப்புச் சொன்ன ஊர் இது. தொட்டால் போதும் என்பதை நான் லெஸ்டரில் போய்க் கற்றுக்கொண்டேன்.

பையனுக்கு ஜோடி சேர்த்த விதம்தான் மறுபடி எரிச்சல். வயது பார்த்தார்கள், எடை பார்த்தார்கள், அனுபவத்தைக் கேட்கவே இல்லை. ஆறு மாதம் பழகினவனுக்கு எதிரில் ஆறு வருடம் பழகின பையன். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நடுவர் ஒரு பெண், முப்பது வயதுக்குள்தான். எதிராளியின் முதல் கனத்த குத்துக்கே நிறுத்தி, அவன் கண்ணைப் பார்த்து விரலை ஆட்டினார். இரண்டாவதற்கு எச்சரிக்கை. அவன் கோச் ஏதோ கத்தினார், இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பையன் தொட்டுத் தொட்டுத்தான் ஆடினான், தொட்டே ஜெயித்தான். நம் ஆள் தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். "மாமா, வலிக்கவே இல்ல மாமா."

வியாசர்பாடிப் பையன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கே வாங்கியது என்று மாஸ்டர் கேட்டார். ஜிம்முக்கு ஆறு ஜோடி வேண்டுமென்று பாய் நம்பரை வாங்கிக்கொண்டார். நான் கிளம்பிவந்து இரண்டு வாரமாகிறது. நேற்று பையனை போனில் கூப்பிட்டு, கார்டு வந்ததா என்று கேட்டேன்.

"நாளைக்கு வரச் சொல்லியிருக்காராம் மாமா."