எங்கள் வீட்டுச் சாவிக் கடிகாரம்: நான்கு வருடக் கணக்கு

கல்லூரித் தோழி தாம்பரத்திலிருந்து போன் செய்தாள். மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள், எல்லாம் வருகிறதாம், கடிகாரக் கணக்கு மட்டும் மண்டையில் ஏறவில்லையாம். "உன் வீட்டுல இருக்கிற மாதிரி ஒரு சாவிக் கடிகாரம் வாங்கி மாட்டினா புரியுமாடி?" என்றாள். கடிகாரம் ரிப்பேருக்குப் போய்த் திரும்பிய வாரம் அது. நான் இருந்த கடுப்பில் சொன்ன பதில் எனக்கே நியாயமாகப் படவில்லை. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

பெரம்பூரில் வீட்டு முன்னறையில் மாலையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஆப்டிட்யூட் கணக்கு சொல்லித் தருகிறேன். மாமனார் காலத்துக் கடிகாரம் அங்கே மாட்டி நான்கு வருடம் ஆகிறது. பெண்டுலம், இரண்டு சாவித் துளை, ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றேகால் மணிக்கு இரண்டு முள்ளுக்கும் நடுவே எத்தனை டிகிரி என்று கேட்டால் புதிதாக வரும் பிள்ளை பூஜ்யம் என்றுதான் சொல்லும். பெரிய முள் நிமிடத்துக்கு 6 டிகிரி, சின்ன முள் அரை டிகிரி என்று மனப்பாடம் செய்த பிள்ளையும் அதையே சொல்லும். கடிகாரத்தின் முன்னால் நிறுத்தினால் போதும். சின்ன முள் மூன்றைத் தாண்டிக் கால்வாசி தூரம் போயிருப்பது கண்ணுக்குத் தெரியும், ஏழரை டிகிரி. பன்னிரண்டு மணி நேரத்தில் முட்கள் எத்தனை முறை ஒன்றன்மேல் ஒன்று வரும் என்பதும் அப்படித்தான். பன்னிரண்டு என்று அடித்துச் சொல்வார்கள். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே சந்திப்பே கிடையாது, துரத்திக்கொண்டே போய்ப் பன்னிரண்டில்தான் பிடிக்கும் என்று பார்த்த பிறகு 11 என்பது மறக்காது. மலிவான பிளாஸ்டிக் கடிகாரத்திலும் இது தெரியும்தான். அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இது டொக் டொக்கென்று கூப்பிடுகிறது.

என் பிரச்சினை 'சீராக' என்ற ஒரே ஒரு சொல். "ஒரு கடிகாரம் நாளொன்றுக்குச் சீராக 4 நிமிடம் பின்தங்குகிறது. இன்று சரியாக வைத்தால் மறுபடி எப்போது சரியான நேரம் காட்டும்?" 12 மணி நேரம் பின்தங்க வேண்டும், 720 நிமிடம். 720-ஐ 4-ஆல் வகுத்தால் 180 நாள். எங்கள் கடிகாரமும் ஏறக்குறைய 4 நிமிடம்தான் பின்தங்கும். சோதித்துப் பார்த்தால் என்ன என்று போன வருடம் ஜனவரி 15-ஆம் தேதி காலையில் மொபைலைப் பார்த்துச் சரியாக வைத்தேன். அதற்கப்புறம் சாவி மட்டும், முள்ளை யாரும் தொடக்கூடாது. கணக்குப்படி ஜூலை 14.

மார்ச் கடைசியில் கடிகாரம் 5 மணி நேரம் பின்னால் இருந்தது. 'நின்றுபோன கடிகாரமாவது ஒரு நாளில் ரெண்டு தடவை சரியா காட்டும், இது வருஷத்துக்கு ரெண்டு தடவை' என்று பழைய ஜோக்கை என் கணவர் புதுப்பித்தார். கணக்கு சரிதான் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

தினமும் குறித்து வைத்ததில்தான் வண்டவாளம் தெரிந்தது. சாவி கொடுத்த மறுநாள் 3 நிமிடம் பின்தங்கும். சனிக்கிழமை ஸ்பிரிங் தளர்ந்து 5 நிமிடம். வாரச் சராசரிதான் 4. ஏப்ரலில் அந்தச் சராசரியே 5 ஆகிவிட்டது. கத்திரி வெயில் நெருங்குகிறது, பெண்டுலக் கம்பி நீண்டிருக்கும் என்று பிள்ளைகளுக்கு விளக்கமும் கொடுத்தேன். பிறகு கணக்குப் போட்டால், இரும்புக் கம்பிக்கு 10 டிகிரி வெப்பம் கூடினால் ஒரு நாளைக்குச் சுமார் 5 விநாடிதான் வித்தியாசம். ஒரு நிமிடத்துக்கு அந்தக் காரணம் போதாது. "எண்ணெய் காய்ஞ்சு போச்சும்மா" என்றார் பாரிமுனைப் பக்கத்து ரிப்பேர்காரர், ஒரே வரியில். ஜூலை 14 வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஜூன் 23-ஆம் தேதியே கடிகாரமும் மொபைலும் ஒன்றாகிவிட்டன. மூன்று வாரம் முன்னதாக! தேர்வில் 180 என்று எழுதினால்தான் மதிப்பெண்.

இத்தனைக்கும் 'சரியான நேரம்' என்பதே நாம் வைத்துக்கொண்டதுதான். இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. சென்னை ஏறக்குறைய 80¼. டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் 9 நிமிட வித்தியாசம். நுங்கம்பாக்கம் வானாய்வகக் கணக்கில் மெட்ராஸ் டைம் என்று தனியாக ஒன்று இருந்தது, 1906-இல் இந்திய நேரம் வரும்வரை ரயில்களே அதன்படி ஓடின. வகுப்பில் இதையும் கணக்காகக் கொடுப்பேன். ஒரு பையன் மட்டும் ரசித்தான்.

அந்தப் பையன்தான் போன மாதம் கண்ணாடிப் பிம்பக் கணக்குப் (கடிகாரத்தைக் கண்ணாடியில் பார்த்தால் எந்த நேரம் தெரியும் என்பது) போடுகிறேன் என்று எட்டு மணியில் இருந்த முள்ளை நான்கு மணிக்குப் பின்பக்கமாகத் திருப்பினான். மணி அடிக்கும் கடிகாரத்தில் முள்ளைப் பின்னால் திருப்பக்கூடாது. முள் நான்கு மணி நேரம் பின்னால் வந்துவிட்டது, அடிக்கும் சக்கரம் வரவில்லை. முள்ளைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்த பிறகும் எந்த மணிக்கும் நான்கு கூடுதலாகவே அடித்தது. இரவு ஒரு மணிக்கு ஐந்து அடிக்க, மாமியார் எழுந்து பால் காய்ச்சிவிட்டார். தொடர்ந்து மூன்று நாள்.

ரிப்பேருக்கு 1,800 ரூபாய், ஆட்டோ தனி. ஆக, தோழிக்கு என் பதில்: வாங்காதே. மகளுக்கு ஒரு பிளாஸ்டிக் கடிகாரம் வாங்கிக் கொடு, பின்பக்கத் திருகைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கட்டும், உடைந்தாலும் போகட்டும்.

எண்ணெய் போட்ட பிறகு எங்களுடையது நாளைக்கு ஒன்றரை நிமிடம்தான் பின்தங்குகிறது. பெண்டுலத்துக்கு அடியில் இருக்கும் நட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் அதுவும் சரியாகிவிடும் என்றார் ரிப்பேர்காரர். ஏற்றவில்லை. 720-ஐ ஒன்றரையால் வகுத்தால் 480 நாள். சுவரில் பென்சிலால் தேதி குறித்து வைத்திருக்கிறேன்.