நடையா, பஸ்கியா, ஆசனமா? நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஓர் ஒப்பீடு

நாற்பதைத் தாண்டியவர் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் முன் உட்கார்ந்தால், பெரும்பாலும் காதில் விழுவது "தினமும் நடங்கள்" என்பதுதான். நல்ல அறிவுரை, ஆனால் பாதி அறிவுரை. நடை செய்கிற எல்லா வேலையையும் பஸ்கி, அதாவது உட்கார்ந்து எழும் பயிற்சி, செய்வதில்லை. பஸ்கி தருவதை ஆசனம் முழுதாகத் தருவதில்லை. எதை விட்டால் உடம்பில் எது குறையும் என்று தெரிந்தால்தான், கையில் இருக்கும் அரை மணி நேரத்தைச் சரியாகப் பங்கிட முடியும்.

செலவையும் எளிமையையும் பார்த்தால் நடையை எதனாலும் வெல்ல முடியாது. கருவி வேண்டாம், ஆசிரியர் வேண்டாம், அடிபடும் வாய்ப்பும் குறைவு. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதைகளை அறிவித்ததால் பல ஊர்களில் இடமும் கிடைத்துவிட்டது. இதயத்துக்கு உடலசைவு எவ்வளவு வேண்டும் என்பதை லண்டன் பஸ்களை வைத்தே காட்டியவர் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸ். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்ததை அவர் 1953-இல் வெளியிட்டார்.

சர்க்கரைக்கும் நடை கைகொடுக்கும். அசைந்துகொண்டிருக்கும் தசை, இன்சுலினை முழுதும் நம்பியிராமல் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது. அதனால் சோறோ தோசையோ சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைத் தணிக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, இரவு சாப்பிட்ட கையோடு படுக்கப் போகிறவர்கள், அந்த நேரத்தில் கொஞ்சத்தை இரவுக்கு மாற்றிக்கொண்டால் நல்லது.

வேகம் முக்கியம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. பூங்காவில் நான்கு பேர் கைகோத்து ஊர்க்கதை பேசியபடி போவது மனதுக்கு நல்லது, இதயத்துக்கு அது போதாது. பத்தாயிரம் அடி என்ற எண்ணும் மருத்துவர்கள் வகுத்ததன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது அது. வயதான அமெரிக்கப் பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. அந்த வயதில் ஏழாயிரத்தைத் தொட்டவர் மீதி மூவாயிரத்துக்காக மூச்சு வாங்க வேண்டியதில்லை. அந்த நேரத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

அந்த வேலைதான் வலுப் பயிற்சி. முப்பதுகளிலிருந்தே தசை மெல்ல மெல்லக் கரையத் தொடங்குகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. நடை இதைப் போதுமான அளவு தடுப்பதில்லை. கால்கள் தினமும் சுமப்பது அதே உடல் எடையை, அதே சமதரையில். தசைக்கோ படிப்படியாகக் கூடும் சுமை வேண்டும். ஆண்டுக்கணக்காக நடக்கிறவரும், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டுக் கை ஊன்றாமல் எழத் திணறுவது இதனால்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது இன்னும் அவசரமான விஷயம். எலும்பு வேகமாகத் தேயும் பருவம் அது. அதைக் காக்க, வெறும் நடையைவிடச் சுமை தூக்கும் பயிற்சி கூடுதலாக உதவும்.

வயதாகிவிட்டதே என்று தயங்குகிறவர்கள் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்ததை அறிய வேண்டும். சராசரியாகத் தொண்ணூறு வயதான பத்துப் பேரைக் கால்களுக்கு எடைப்பயிற்சி செய்ய வைத்தார்கள். எட்டே வாரங்களில், பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக இரண்டரை மடங்கைத் தாண்டியது. 1990-இல் வெளியான ஆய்வு இது. எனக்கு இதைவிட நம்பிக்கையூட்டும் மருத்துவச் செய்தி அரிது.

தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று நம் தேகப்பயிற்சி சாலைகளில் இருந்தவை எல்லாம் வலுப் பயிற்சிகளே. ஜிம் என்றாலே இளைஞர்களின் இடம் என்ற எண்ணம் வந்த பிறகு, நடுவயதினர், அதிலும் பெண்கள், இந்தப் பக்கமே வராமல் போனார்கள். தொடங்குவதற்கு ஒரு நாற்காலியும் ஒரு சுவரும் போதும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை வைத்துத் தண்டால் எடுங்கள். எளிதாகிவிட்டால் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலித்தால் உயரமான இருக்கையில் ஆரம்பிக்கலாம்.

ஆசனத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. உடல் வளைவது, மூச்சு சீராவது, மனம் அடங்குவது, ஒற்றைக் காலில் நிலைப்பது ஆகியவற்றில் அதற்கு ஈடு குறைவு. முதியவர்கள் விழாமலிருக்க, சுவரோரம் நின்று செய்யும் விருட்சாசனம் அருமையான பயிற்சி. நின்று செய்யும் சில ஆசனங்கள் புதியவர்களுக்கு ஓரளவு வலுவும் தரும். ஆனால் மெதுவாகச் செய்யும் ஆசன வகுப்பை வேக நடைக்கு மாற்றாக நான் ஏற்கமாட்டேன். சென்னையில் வாழ்ந்து கற்பித்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் மரபு, ஆளுக்கேற்ப ஆசனத்தை அமைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஐம்பது பேரை வரிசையில் நிறுத்தி எல்லோரையும் தலைகீழாக நிற்கச் சொல்லும் வகுப்புகள் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. சிரசாசனத்தின்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. கண் அழுத்த நோய் உள்ளவர் அதைத் தொடவே கூடாது.

பூங்காக்களில் எட்டு போட்டு நடப்பவர்களும் உண்டு. திரும்பித் திரும்பி நடப்பதால் சமநிலைக்கு அது பயிற்சிதான். சர்க்கரை நோயே தீரும் என்ற பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நீச்சலும் சைக்கிளும் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு வரம். இரண்டிலும் எலும்பின் மேல் சுமை விழாததால் எலும்புக்குப் பலன் குறைவு.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பைக் கேட்கிறது. அதோடு குறைந்தது இரண்டு நாள் வலுப் பயிற்சியும், 65 வயதுக்கு மேல் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் கேட்கிறது. நம் ஊரில் முதல் வரி மட்டுமே பரவியிருக்கிறது. எனவே, இதுவரை எதுவும் செய்யாதவர் நடையில் தொடங்கட்டும். பல ஆண்டுகளாக நடப்பவர் வாரத்தில் இரண்டு நாள் நடையைப் பாதியாக்கிப் பஸ்கிக்கும் தண்டாலுக்கும் கொடுக்கட்டும். விழுந்துவிடுவோம் என்று அஞ்சும் முதியவருக்கு நாற்காலிப் பயிற்சியும் ஒற்றைக்கால் நிற்றலும்தான் முதலில்.

எடை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். நடக்கையில் நெஞ்சு இறுகினாலோ, சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தாலோ, மருத்துவரைப் பார்த்த பிறகே வலுப் பயிற்சி. இன்சுலின் போடுகிறவர் பயிற்சிக்கு முன் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் கொஞ்சம் இனிப்பையும் வைத்துக்கொள்ள வேண்டும்.