டிவிடி காப்பி போடக் கொடுக்கிறீர்களா? கடைசி இருபது நிமிடத்தைப் பார்க்காமல் பாக்கிக் காசைக் கொடுக்காதீர்கள்

வீட்டு விசேஷத்தையோ, பெரியவர்கள் பேசியதையோ பாடியதையோ நீங்களே டிவிடியாகச் செய்து, காப்பி போடக் கடைக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். மதுரை மாசி வீதிகளுக்குள் இருக்கும் ஒரு கடையில் ஐம்பது காப்பிக்குக் கொடுத்தேன். முதலில் கெட்டுப்போகிற டிஸ்க்கில் போட்டுத் தந்தார்கள். கேட்டதும் என் வீட்டுப் பிளேயரைக் குறை சொன்னார்கள். பிறகு என் வீடியோவையே சிதைத்துத் தந்தார்கள். கடைப் பெயரை எழுதவில்லை, புகார் நடக்கிறது. எப்படிச் செய்தார்கள் என்பதைத்தான் விவரமாக எழுதுகிறேன். அதைத் தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் அப்பத்தா உசிலம்பட்டிப் பக்கம். நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் பாடுவார். எழுதப் படிக்கத் தெரியாது, அத்தனையும் மனப்பாடம். சித்தப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் ஹேண்டிகேமில் அதை எடுத்து வைத்திருந்தார். அப்பத்தா இறந்து முதல் வருசத் திதி வந்தபோது, அந்தக் கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்கு வெட்டி ஒட்டி, ஒரு டிவிடியாக நானே செய்தேன். தாலாட்டு முதலில், ஒப்பாரி கடைசியில். ஒப்பாரியை அப்பத்தா ஒருநாளும் வீட்டுக்குள் பாடியதில்லை. வீட்டில் ஆள் சாகாமல் பாடக் கூடாது என்று எவ்வளவு கெஞ்சினாலும் மறுத்துவிடுவார். சித்தப்பாவுக்காக ஒரே ஒரு தடவை, களத்துமேட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பாடினார். அதற்கு வேறு பதிவே கிடையாது.

பென் டிரைவில் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் அத்தைமார்கள் பாதிப் பேர் வீட்டில் இருப்பது 2006 முதல் 2011 வரை அரசு கொடுத்த கலர் டிவிதான். அதில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் சொருகிய பழைய டிவிடி பிளேயர். அவர்களிடம் போய்ச் சேர வேண்டிய பாட்டு, அவர்களுக்கு ஓடுகிற வடிவத்தில்தான் போக வேண்டும்.

நான் செய்த மாஸ்டர் டிஸ்க்கை எங்கள் வீட்டுப் பிளேயரிலும், பக்கத்து வீட்டுப் பிளேயரிலும், கம்ப்யூட்டரிலும் முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு டிஸ்க்குக்கு ஐம்பது ரூபாய் சொன்னார், ஸ்டிக்கரும் கவரும் சேர்த்து. நல்ல கம்பெனி டிஸ்க்கில் போடுங்கள், மெதுவான ஸ்பீடில் எழுதுங்கள் என்று இரண்டையும் கேட்டுக்கொண்டேன். "அதெல்லாம் நீங்க சொல்லணுமாக்கா, எங்களுக்கு இதேதான பொழப்பு" என்றார். பாதிக் காசு ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கொடுத்தார்.

எடுக்கப் போன அன்று ஒரு டிஸ்க்கைப் பிளேயரில் போட்டுக் காட்டினார். தாலாட்டு தெளிவாக ஓடியது. வேறு இரண்டைப் போடச் சொன்னேன், அவையும் ஓடின. பாக்கியைக் கொடுத்து வாங்கி வந்தோம். திதியன்று ஊரில் எல்லோருக்கும் கொடுத்தோம்.

அன்று ராத்திரியே செக்கானூரணி அத்தை போன் செய்தார். "நல்லாத்தேன் பாடிக்கிட்டு வருது ஆத்தா. கடைசில கட்டங்கட்டமாப் போயி அப்படியே நின்னுருது. ஒப்பாரியே கேக்கலடி." அடுத்தடுத்து மற்றவர்களும் அதையே சொன்னார்கள். சிலருக்குப் படம் உறைந்து நின்றது, சிலருக்குப் பிளேயர் கரகரவென்று சத்தம் போட்டுவிட்டு நோ டிஸ்க் என்று காட்டியது. எல்லோருக்குமே முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடியிருக்கிறது.

இதற்குக் காரணம் இருக்கிறது. டிவிடியில் பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளி ஓரத்தை நோக்கிப் போகிறது. ஆகவே படத்தின் கடைசிப் பகுதி டிஸ்க்கின் ஓரத்தில்தான் விழும். ஒற்றை அடுக்கு டிஸ்க்கின் கொள்ளளவு 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் கம்ப்யூட்டர் அதை 4.37 என்றுதான் காட்டும். என் படம் 4.2. அதாவது கிட்டத்தட்ட ஓரம் வரை நிறைகிறது. காலி டிஸ்க்கில் லேசர் எழுதுவது ஒரு சாயப் பூச்சின் மேல். மட்டமான டிஸ்க்கில் அந்தப் பூச்சு ஓரத்துக்குப் போகப் போகச் சீராக இருக்காது. அதே ஓரத்தில்தான் எழுதும் வேகமும் உச்சத்துக்குப் போகிறது. 16எக்ஸ், அதாவது டிவிடியின் அடிப்படை வேகத்தைப் போல 16 மடங்கு, என்று வைத்தால் உள்பக்கம் சுமார் 6எக்ஸில் ஆரம்பித்து, ஓரத்துக்கு வரும்போதுதான் 16-ஐத் தொடும். மட்டப் பூச்சும் உச்ச வேகமும் ஒரே இடத்தில் சேர்வதால் டிஸ்க் அங்கேதான் முதலில் கெட்டுப்போகும். கடையில் ஓட்டிக் காட்டுவதோ உள்வட்டத்தில் இருக்கிற முதல் சில நிமிடங்களை. அந்தச் சோதனையில் எந்த மட்ட டிஸ்க்கும் தேறிவிடும்.

திரும்பப் போய்க் கேட்டபோது முதல் பதில், "உங்க பிளேயர்ல லென்ஸ் போயிருக்கும்க்கா, லென்ஸ் கிளீனர் ஒண்ணு வாங்கிப் போடுங்க." ஐம்பது வீட்டிலும் ஒரே நாளில் லென்ஸ் போகுமா? அதே பிளேயரில் என் மாஸ்டர் கடைசிவரை ஓடுகிறதே என்றேன். அடுத்த பதில், "அப்ப உங்க மாஸ்டர்லதான் பால்ட்டு." கையோடு கொண்டுபோயிருந்த மாஸ்டரை அவர் பிளேயரிலேயே போட்டு ஒப்பாரியை ஓட்டிக் காட்டினேன். பிறகு வந்தது மூன்றாவது பதில்: "வீட்டுல சார் இருந்தா வரச் சொல்லுங்கக்கா, அவருகிட்ட விளக்கமாச் சொல்றேன்." இந்த டிவிடியை வெட்டியது, ஒட்டியது, மெனு போட்டது எல்லாம் நான். எனக்குச் சொல்ல முடியாத விளக்கம் என் வீட்டுக்காரருக்கு மட்டும் எப்படிப் புரியும்? இதைப் படிக்கும் பெண்கள் அந்தப் பேச்சுக்குப் பின்வாங்காதீர்கள். டெக்னிக்கலாகப் பேசி மடக்கப் பார்ப்பவரிடம், டிஸ்க்கைப் போட்டு ஓட்டுங்கள், பார்ப்போம் என்று மட்டும் சொல்லுங்கள்.

கடைசியில், எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். இரண்டாவது தடவை கொடுத்ததில் ஒப்பாரி வரை நிற்காமல் ஓடியது. ஆனால் படம் மங்கலாக இருந்தது. அப்பத்தாவின் முகச் சுருக்கமெல்லாம் கரைந்து போயிருந்தது, குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். 4.2 ஜிபி இருந்த படம் 2 ஜிபிக்கும் கீழே இறங்கியிருந்தது. நல்ல டிஸ்க் வாங்குவதற்குப் பதிலாக, படத்தையே நசுக்கி, அது டிஸ்க்கின் ஓரம் வரை போகாதபடி செய்திருக்கிறார்கள். டிவிடியிலிருந்து டிவிடிக்கு முறையாகக் காப்பி எடுத்தால் தரம் துளியும் குறையாது, மாஸ்டரில் உள்ளது அப்படியே வரும். அளவு குறைந்திருந்தால் மறுபடி அமுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். போதாததற்கு அப்பத்தா வருவதற்கு முன்னால் கடைப் பெயரும் போன் நம்பரும் கொட்டை எழுத்தில் ஓடுகின்றன. செத்துப்போன மனுசிக்காகச் செய்த டிஸ்க் அது. அவர் பாட்டுக்கு முன்னால் விளம்பரம் போட யாரிடம் அனுமதி வாங்கினார்கள்? இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

இதற்குப் பிறகுதான் முதல் தடவை கொடுத்த டிஸ்க்குகளில் கிடைத்தவற்றை ஊரிலிருந்து திரும்ப வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காலி டிஸ்க் ஒவ்வொன்றிலும் அதைத் தயாரித்தவரின் குறியீடு பதிந்திருக்கும். இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கைப் போட்டால் அது தெரியும். பெரிய கம்பெனிகளும் வெளியே செய்து வாங்கித் தங்கள் பெயரில் விற்பதுண்டு. அதனால் மேலே அச்சிட்ட பெயரும் குறியீடும் வேறாக இருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே கம்பெனி, ஒரே டப்பா என்று சொல்லிக் கொடுத்த என் டிஸ்க்குகளில் பல குறியீடுகள் கலந்து கிடந்தன. கிடைத்த சரக்கையெல்லாம் சேர்த்து, மேலே ஸ்டிக்கரை ஒட்டி மறைத்திருக்கிறார்கள்.

ஸ்டிக்கரே ஒரு கெடுதல். வட்டக் காகிதம் ஒரு மயிரிழை தள்ளி ஒட்டினாலும் டிஸ்க் வேகமாகச் சுற்றும்போது ஆடும். நம் ஊர் வெயிலில் பசை இளகிக் காகிதம் எழும்பினால் பிளேயருக்குள்ளேயே சிக்கும். அச்சு வேண்டுமென்றால் பிரின்டரில் நேரடியாக அச்சடிக்கிற வெள்ளை முக டிஸ்க் இருக்கிறது, அதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் சிடி மார்க்கரில் பெயரை எழுதினாலே போதும்.

நீங்கள் செய்து பார்க்க வேண்டிய சோதனைக்கு எந்த மென்பொருளும் வேண்டாம். வாங்கிய டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டு, உள்ளே இருக்கும் வீடியோ ஃபோல்டர் முழுவதையும் ஹார்டு டிஸ்க்குக்குக் காப்பி பண்ணுங்கள். நல்ல டிஸ்க் தங்குதடையின்றி முடியும். கெட்ட டிஸ்க் கடைசிப் பக்கம் போகும்போது இழுத்து இழுத்து, ரீட் எர்ரர் சொல்லி நிற்கும். காப்பியான அளவையும் மாஸ்டரின் அளவையும் ஒப்பிடுங்கள். லேப்டாப்பில் டிரைவ் இல்லாதவர்கள் கடைப் பிளேயரிலேயே ரிமோட்டில் கடைசி அத்தியாயத்துக்குத் தாவச் சொல்லி, அங்கிருந்து முடியும் வரை பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால், பாக்கிக் காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பாருங்கள். ஐம்பதையும் பார்க்க முடியாதுதான். அடியிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று என்று நீங்களே உருவிக் கொடுங்கள், அவர் எடுத்துப் போடுவதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். எம்பி4 ஃபைலை அப்படியே டிஸ்க்கில் போட்டுத் தரும் கடைகள் உண்டு. அது கம்ப்யூட்டரில் ஓடும், பல பழைய பிளேயரில் ஓடாது. டிவிடி வீடியோவாக, பைனலைஸ் செய்து (பதிவை முடித்து மூடி, மற்ற பிளேயர்களும் படிக்கும்படி ஆக்கி) தரச் சொல்லுங்கள். காலி டிஸ்க்கில் டிவிடி பிளஸ் ஆர் (DVD+R), டிவிடி மைனஸ் ஆர் (DVD-R) என்று இரண்டு வகை உண்டு; பழைய பிளேயர்களுக்குப் பிளஸ் ஆரைவிட மைனஸ் ஆர் டிஸ்க் பொதுவாக ஒத்துவரும்.

நான் கடைசியில் தம்பியின் பழைய கம்ப்யூட்டரில், மாஸ்டரிலிருந்து ஐஎஸ்ஓ ஃபைல் (டிஸ்க் முழுவதையும் அப்படியே பிரதி எடுத்த ஒற்றை ஃபைல்) எடுத்து, 4எக்ஸ் ஸ்பீடில், எழுதி முடித்ததும் வெரிஃபை செய்யும்படி வைத்து, வீட்டிலேயே எல்லாவற்றையும் போட்டு முடித்தேன். 4எக்ஸில் ஒரு டிஸ்க் எழுதக் கால் மணி நேரம், சரிபார்க்க மேலும் சிறிது நேரம் ஆகும். 16எக்ஸில் ஆறு நிமிடத்துக்குள் எழுதிவிடலாம். கடைக்காரர் என்னிடமிருந்து மிச்சம் பிடித்தது இந்த நேரத்தையும், டிஸ்க் விலையில் சில ரூபாயையும்தான். அந்தச் சில ரூபாய்க்காக ஐம்பது வீட்டில் ஒப்பாரி கேட்காமல் போயிற்று.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "டிஸ்க்குக்கெல்லாம் கியாரண்டி கெடையாதுக்கா" என்று முடித்துவிட்டார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளையோ சேவையையோ கொடுத்துவிட்டு, பில்லில் காலம் குறிப்பிடாத நிலையில் முப்பது நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதில் சேரும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியலாம், நான் பதிந்துவிட்டேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஜிபே ரசீது, வாட்ஸப்பில் பேசியது, அவர் கைப்பட எழுதிய கார்டு எல்லாமே சான்றுதான்.

இதே போலக் கடையில் போட்டு வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் கல்யாண, காதுகுத்து டிவிடிகளையும் இப்போதே எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் காப்பி பண்ணிப் பாருங்கள். வெயிலும் ஈரமும் பட்டால் அந்தச் சாயப் பூச்சு நாளாக ஆக மங்கும். இன்று தடுமாறிப் படிக்கிற டிஸ்க் நாளை படிக்காமலே போகலாம். ஒரு டிரைவில் நின்றால் வேறு டிரைவில் முயலுங்கள், நான் பார்த்ததில் சில டிஸ்க் அப்படிப் பிழைத்தன. துடைப்பதாக இருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள்.

எங்கள் சொந்தக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க்கும், கடைப் பெயர் ஓடுகிற டிஸ்க்கும் இரண்டுமே கெட்டவை. நீல மார்க்கரில் அப்பத்தா பெயர் எழுதியது மட்டும்தான் முழுதாக ஓடும். அது வந்து சேராதவர்கள் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். பழையதைத் தூக்கிப் போட்டுவிடாமல் அவரிடமே கொடுத்தனுப்புங்கள், ஆணையத்தில் காட்ட எனக்கு அவை வேண்டும்.