பொலிகாளையா, சினை ஊசியா, கருமாற்றமா?

நாட்டு மாட்டைக் காப்பாற்ற எந்த வழி நல்லது என்று யாராவது கேட்டால், எந்த மாடு என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். பர்கூர் மலைக்காட்டில் பட்டி பட்டியாக மேயும் செம்மறைக்கும் (சிவப்பில் வெள்ளைத் திட்டு உள்ள மாடு), காங்கேயம் பக்கம் கிளுவை வேலிக்குள் நிற்கும் இரண்டு சாம்பல் நிற மயிலைப் பசுக்களுக்கும் ஒரே வைத்தியம் சரிவராது.

பட்டி மாட்டுக்கு, பசுக்களோடு சேர விடும் பொலிகாளைதான். பசுவுக்குச் சினைப்பருவம் முக்கால் நாளுக்கு மேல் நிற்காது. காலையில் தெரிந்தால் சாயங்காலம் ஊசி போட்டாக வேண்டும். காட்டுக்குள் அதை யார் கவனித்து, யாருக்குப் போன் அடிப்பது? கூடவே திரியும் காளை மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிடும். சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. 200 பசுக்களுக்கு 2 காளைதான் என்றால், கன்றுகளெல்லாம் அந்த இரண்டின் பிள்ளைகள்தான்; மரபு வளத்தில் அந்த மந்தை, மரபியல் கணக்குப்படி, வெறும் 8 மாடுகளுக்குச் சமம். அதே பசுக்களுக்கு 10 காளை விட்டால் 38. பசுக்களை மட்டும் எண்ணி நிம்மதி அடைகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

இரண்டு பசு வைத்திருப்பவர் காளைக்கும் சேர்த்துத் தீனி போட முடியாது. அவருக்குச் சினை ஊசி போதும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கிடக்கும் கால் மில்லி விந்துக் குச்சி, காளை செத்துப் பல வருடம் கழித்தும் கன்று தரும். ஆனால் பெயர் எடுத்த ஒரே காளையின் குச்சியையே ஊர் முழுக்கப் போட்டால், மறுபடி அந்த இரண்டு காளைக் கதைதான். குச்சியின் மேல் காளை எண் அச்சாகி இருக்கும், குறித்து வையுங்கள். மூன்று வருடம் கழித்து மகளுக்கும் அதே எண் வந்துவிடக் கூடாது. கிடேரியாகவே பிறக்க வைக்கும் பாலினம் பிரித்த விந்து பால் மாட்டுக்காரருக்கு லாபம். காளைக்கன்றுக்கும் மதிப்புள்ள காங்கேயத்துக்கு அவ்வளவு அவசரமில்லை.

கருமாற்றத்துக்குச் செலவு அதிகம், ஆய்வகமும் வேண்டும். நல்ல பசுவின் கருவை ஏழாம் நாள் வாக்கில் வேறொரு பசுவின் கருப்பையில் வைக்கிறார்கள். சுமப்பது ஜெர்சி கலப்பாக இருந்தாலும் பிறப்பது அசல் காங்கேயம்: செவலையாக விழுந்து, ஆறு மாதம் போல மயிலையாக நிறம் மாறும் அதே கன்று. இதன் உண்மையான பலம் சேமிப்பில்தான். பசுக்கள் அடியோடு போய், குச்சி மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும்? வேறு இனப் பசுவுக்குப் போட வேண்டும். முதல் கன்றில் பாதி ரத்தம், அடுத்ததில் முக்கால். இப்படியே ஐந்தாம் தலைமுறையில்தான் 97 சதவீதம். அதற்கே பதினைந்து, இருபது வருடம் ஓடிவிடும். உறைந்த கரு இருந்தால் ஒரே சினையில் முழு மாடு.

குளோனிங், அதாவது ஒரு மாட்டின் செல்லிலிருந்தே அதன் நகலை உருவாக்குவது? நியூசிலாந்தின் எண்டர்பி தீவு இனத்தில் லேடி என்ற ஒரே பசு மிஞ்சியபோது, 1998இல் அதைச் செய்தார்கள். வேறு வழியே இல்லாத கட்டம் அது.

என் கையில் ஒரு வழிக்கு மட்டும் காசு இருந்தால், ஆலம்பாடி மாதிரி அருகிப்போன இனத்துக்குக் கருக்களை உறையவைப்பேன். பர்கூருக்கு அதே காசில் பத்துக் காளை வாங்கி, மகள்கள் பருவத்துக்கு வருவதற்குள் பட்டி மாற்றி மாற்றி விடுவேன்.