தொங்கும் பிரீடர் பாக்ஸ்: குஞ்சுக்குச் சரி, ஆண் மீனுக்குச் சரியில்லை

மீன் குஞ்சுகளைத் தனியாகப் பிரித்து வைக்க, தொட்டியின் விளிம்பில் வெளிப்புறமாக மாட்டும் பிரீடர் பாக்ஸ்கள் பல பிராண்டுகளில் கிடைக்கின்றன. அமைப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏர் பம்பிலிருந்து வரும் காற்று ஒரு குழாய்க்குள் குமிழியாக ஏறும்போது தொட்டித் தண்ணீரையும் சேர்த்துத் தூக்கிப் பெட்டிக்குள் விடும். மறுபக்கம் இருக்கும் பிளவுகள் வழியாக அது தொட்டிக்கே வழிந்து திரும்பும். இங்கே பார்ப்பது சுமார் 2 லிட்டர் கொள்ளும் பெரிய மாடல், அதுவும் பங்காய் கார்டினல் என்ற சிறு கடல் மீனின் குஞ்சு எடுக்கும் வேலைக்கு மட்டும்.

பெட்டியின் அட்டையில் இனப்பெருக்க மீனுக்கும் குஞ்சுக்கும் என்று இரண்டையும் போட்டிருப்பார்கள். கப்பி வளர்ப்பவருக்கு அது சரி. பங்காய் கார்டினலில் முட்டையை வாயில் சுமப்பது ஆண். சுமார் 20 நாளில் முட்டை பொரியும். பொரிந்த குஞ்சுகளையும் அது மேலும் ஒரு வாரம் பத்து நாள் வாயிலேயே வைத்திருக்கும். இத்தனை நாளும் சாப்பிடாது. அப்படிப்பட்ட மீனைக் கண்ணாடி போன்ற நாலு சுவருக்குள் முதல் வாரத்திலேயே அடைத்தால் முட்டையைத் துப்பிவிடும், இல்லையென்றால் விழுங்கிவிடும். பழி மீன் மேல் விழும், ஆனால் கோளாறு பெட்டியில்தான்.

ஆகவே ஆணை மாற்ற அவசரம் வேண்டாம். முட்டை பொரிந்தபின், 22-23 நாளுக்கு மேல் மாற்றுவதே நல்லது. அப்போது வாய் லேசாகத் திறக்கும் நேரத்தில் உள்ளே சின்னச் சின்ன வெள்ளிக் கண்கள் மினுங்குவது தெரியும். விளக்கு அணைந்து ஒரு மணி நேரமானபின், மங்கலான சிவப்பு டார்ச் வெளிச்சத்தில், ஒரு தெளிவான டப்பாவைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மீனை மெல்ல அதற்குள் ஓட்டவும். டப்பாவோடு, தண்ணீரோடு தூக்கிப் பெட்டியில் சாய்க்க வேண்டும். வலையைத் தொடவே கூடாது. வலை காற்றுக்கு வந்தவுடனே வாயிலிருப்பது வெளியே வந்துவிடும், நீண்ட துடுப்பும் கண்ணியில் மாட்டும். பெட்டியின் மூன்று பக்கமும் முன்பே கறுப்புத் தாள் ஒட்டியிருக்க வேண்டும். குஞ்சுகளைத் துப்பி முடித்ததும் ஆணைத் தொட்டிக்கே அனுப்பிவிடுங்கள். ஒரு மாதப் பட்டினி கிடந்த மீன் அது.

இதுவரை சொன்னது குறைதான். குஞ்சுகள் வெளியே வந்தபின் பெட்டி தன் விலைக்கு உழைக்கிறது. குஞ்சு ஒவ்வொன்றும் 6 முதல் 8 மி.மீ. இருக்கும், பெற்றோரின் கோடுகளோடு முழு மீனாகவே வரும். ஓடுவது தொட்டியின் தண்ணீரே என்பதால் உப்பளவு, வெப்பம், பி.எச். எதற்கும் பழக்க வேண்டிய வேலை இல்லை. தனி ஃபில்டரும் ஹீட்டரும் வேண்டாம். 2 லிட்டரைத் தனிப் பாத்திரமாக வைத்து 40 குஞ்சுக்குத் தீனி போட்டால் அம்மோனியா வெகு சீக்கிரம் ஏறிவிடும். இதில் அந்தக் கவலை பெருமளவு இல்லை.

ஆனால் ஓட்டம் நிற்காமல் இருக்க வேண்டும். வரும் தண்ணீரை ஒரு கோப்பையில் பிடித்துப் பாருங்கள், நிமிடத்துக்கு 400 மில்லி வந்தால் போதும். சம்ப் (தொட்டியோடு இணைந்த தனி நீர்த்தொட்டி) இல்லாத தொட்டியில் ஆவியாகி மட்டம் 3 செ.மீ. இறங்கினாலே ஓட்டம் தளர்ந்துவிடும். குழாய் தண்ணீரில் முங்கியிருக்கும் நீளம் குறைந்து, தூக்க வேண்டிய உயரம் கூடிவிடுவதுதான் காரணம். காற்றுக் குழாயின் வால்வில் உப்புப் பூத்து அடைப்பதும் இதே விளைவைத் தரும். வாரம் ஒருமுறை வெந்நீரில் கழுவினால் தீர்ந்தது. ஏர் பம்ப் தொட்டியின் மட்டத்துக்குக் கீழே இருந்தால், தண்ணீர் பம்புக்குத் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வு கட்டாயம். பெட்டியோடு அது வருவதில்லை.

அடுத்தது பிளவு. பங்காய் குஞ்சு வெளியே போகாது, ஆனால் பலவீனமான குஞ்சு ஓட்டத்தில் அதில் ஒட்டிக்கொள்ளும். அதற்காகப் பலரும் பஞ்சை முழுக்க அடைத்துவிடுகிறார்கள். பஞ்சு அழுக்கில் அடைபட்டதும் குழாய் தண்ணீரைத் தூக்கிக்கொண்டே இருக்கும், போக வழியில்லாமல் பெட்டி நிரம்பி வெளிப்பக்கம் வழியும். விடிந்து பார்த்தால் தொட்டித் தண்ணீர் தரையில். கரடுமுரடான பஞ்சைப் பிளவின் கீழ்ப்பாதிக்கு மட்டும் வையுங்கள், மேல்பாதி எப்போதும் திறந்திருக்கட்டும். பெட்டி நிரம்பினால் 2 கிலோவுக்கு மேல் கனம். கீழே முட்டுக்கொடுக்கும் திருகை, பெட்டி வெளிப்பக்கம் சாயாத அளவுக்கு முடுக்கவும். விளிம்பில்லாத தடித்த கண்ணாடியில் கொக்கி ஏறாமல் போகலாம், வாங்குமுன் தடிமனை அளந்துகொள்ளுங்கள்.

குஞ்சுக்குத் தீனியாகப் போடும் ஆர்ட்டீமியாவை (நுண்ணிய உப்புநீர் இறால் குஞ்சு) பஞ்சு நிறுத்தாது. நிறுத்தும் அளவு நுண்ணிய வலை போட்டால் சில மணி நேரத்தில் அடைத்துவிடும். எளிய வழி, தீனி போடும்போது காற்றை நொடிக்கு ஒரு குமிழியாகக் குறைத்து, 20 நிமிடம் தின்னவிட்டு, மறுபடி பழைய அளவுக்குத் திறப்பது. ஒரே ஒரு நிபந்தனை: திறக்க மறக்கக் கூடாது. அலாரம் வையுங்கள்.

தீனியைப் பற்றிச் சொல்லாமல் பெட்டியை மட்டும் மதிப்பிடுவது நியாயமல்ல. விளக்கைப் போட்டதும் குஞ்சுகள் துள்ளி, சுழன்று, விறைத்துச் செத்தால் ‘பெட்டியில் ஆக்ஸிஜன் இல்லை’ என்பார்கள். பெரும்பாலும் அது டி.எச்.ஏ. கொழுப்பு அமிலக் குறை. புதிதாகப் பொரிந்த ஆர்ட்டீமியாவில் அந்த அமிலம் கிட்டத்தட்ட இல்லை. பொரிந்து சுமார் 8 மணி நேரம் கழித்துத்தான் அவற்றுக்கு வாய் திறக்கும். அதன்பின் 12 மணி நேரம் டி.எச்.ஏ. கலவையில் விட்டு, நல்ல தண்ணீரில் அலசிப் போடவும். அலசாவிட்டால் எண்ணெய் பெட்டியின் மேல் படலமாக நிற்கும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஆர்ட்டீமியா முட்டை ஓடு கலந்துவிடக் கூடாது, அது குஞ்சின் குடலை அடைக்கும். பெட்டி தொட்டிக்கு வெளியே தொங்குவதால் இரவில் கும்மிருட்டாகிவிடும், பக்கத்தில் மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும்.

பங்காய் குஞ்சுகள் கடல் முள்ளெலியின் நீண்ட முட்களுக்குள் ஒளிபவை, ஆனால் நிஜ முள்ளெலி இதற்குள் கொள்ளாது. கறுப்பு கேபிள் டை பதினைந்தைச் சிறு பிளாஸ்டிக் வலைத்துண்டில் குத்தி நிறுத்தினால் போதும், குஞ்சுகள் அதற்குள் போய் நின்றுகொள்ளும். வெட்டிய கூர் முனை அடிப்பக்கம் இருக்கட்டும். பெட்டிக்கு அடியில் வடிகால் கிடையாது. தினமும் ஏர் டியூபால் எச்சத்தை உறிஞ்ச வேண்டும், கேபிள் டைகளுக்கிடையே அது கொஞ்சம் எரிச்சலான வேலைதான்.

குஞ்சுகள் 12-15 மி.மீ. ஆனதும் பெட்டி போதாது, 40 லிட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள். பைஜாமா கார்டினலுக்கும் ஜாஃபிஷுக்கும் இதை வாங்கவே வேண்டாம். அவையும் வாயில்தான் முட்டை சுமக்கின்றன, ஆனால் வெளியே வருவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மிதக்கும் லார்வா. அதற்கு வட்டமான கறுப்புத் தொட்டியும், தீனிக்கு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரும் வேண்டும். இந்தப் பெட்டியில் விட்டால் பிளவு வழியாகப் போய்த் தொட்டி மீன்களுக்கு இரையாகும்.