செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின்: போர் தண்ணீர் வீட்டுக்கு இது போதுமா?

போதும். பல வீடுகளில் முழு ஆட்டோமேட்டிக்கை விட இதுவே நன்றாகத் துவைக்கும். கடைக்காரர் மட்டும் இதைக் கடைசி வரிசையில் வைத்து, விலை குறைந்த சரக்கு என்பதுபோலக் காட்டுவார்.

காரணம் தண்ணீர். முழு ஆட்டோமேட்டிக் ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர் கேட்கும். குழாயில் வேகம் இல்லையென்றால் பாதியில் நின்றுவிடும். செமி ஆட்டோமேட்டிக்கில் துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி (ட்ரையர்) என்று இரண்டு உண்டு; இதில் வாளியால்கூட ஊற்றலாம். ஒரே நுரைத் தண்ணீரில் முதலில் வெள்ளை, அடுத்து வெளிர் நிறம், கடைசியில் ஜீன்ஸ், கால்மிதி என்று மூன்று முறை ஓட்டலாம்.

உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புத் தூளின் வேலையைக் கெடுக்கும். நுரை வரவில்லையே என்று தூளை அள்ளிப் போட்டால் அது துணியிலேயே தங்கி, துண்டு அப்பளமாக விறைக்கும். அதற்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து முதலில் ஊற்றுங்கள், தூள் பிறகு. (சமையலறையில் இருக்கும் ஆப்பசோடா வேறு.) பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது.

7 கிலோ என்று போட்டிருப்பது உலர்ந்த துணியின் எடை, அதுவும் உச்ச அளவு. தொட்டியில் துணி புரண்டு உள்ளே போய் மேலே வர வேண்டும். அப்படியே மிதந்து சுற்றினால் அழுக்கு போகாது. சட்டை, கைலிக்கு 8 முதல் 10 நிமிடம், பருத்திப் புடவைக்கு 4 நிமிடம். பெட்ஷீட்டோடு சின்னத் துணிகளைப் போட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடும்.

பலர் கோட்டைவிடும் இடம் அலசல். துவைத்த துணியை நேராக நல்ல தண்ணீரில் போடாதீர்கள். முதலில் ட்ரையரில் ஒரு நிமிடம் சுற்றவிட்டால் சோப்புத் தண்ணீர் வெளியேறிவிடும். அதன்பின் இரண்டு அலசல் போதும், இல்லையென்றால் நான்கானாலும் நுரை வரும்.

ட்ரையர் என்று பெயரே தவிர, அதில் சூடு கிடையாது. வேகமாகச் சுற்றிப் பிழியும், அவ்வளவுதான். துணியை வட்டமாகச் சமமாக அடுக்கி, மேலே பிளாஸ்டிக் மூடியை அழுத்தி வையுங்கள். அது இல்லாவிட்டால் கைக்குட்டை வெளியே நழுவிக் கூடைக்கு அடியில் சிக்கும். தடதடவென்று அடித்தால் உடனே நிறுத்தி அடுக்கை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரவாடை வருவது துணி மெதுவாகக் காய்வதால், அந்த ஈரத்தில் கிருமி பெருகுவதால். இரண்டாவது முறை பிழிந்து, மின்விசிறிக்குக் கீழே ஒவ்வொரு துணிக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டுக் கொடியில் போடுங்கள்.

குறையும் உண்டு. பக்கத்திலேயே ஆள் நிற்க வேண்டும். பெரும்பாலான மாடல்களில் பம்ப் இல்லை. கழிவுக்குழாயைத் தரையை விட்டு மேலே தூக்கினால் தண்ணீர் இறங்காது. சில ஆண்டுகளில் ட்ரையரின் அடி சீல் தேய்ந்து, மோட்டார் மேல் தண்ணீர் சொட்டும். அடியில் ஈரம் தெரிந்ததுமே மாற்றிவிட்டால் மோட்டார் தப்பும்.

வாங்கும்போது இரண்டைப் பாருங்கள்: அடிப்பக்கத்தில் எலி புகாமல் தடுக்கும் வலை இருக்கிறதா, ஓடும் ட்ரையரின் மூடியைத் திறந்தால் சில நொடிகளில் நிற்கிறதா.